லைக் ஏறினா கூகுள்ல ஏறுமோ? உப்புவெளி கெஸ்ட் ஹவுஸ் ஒண்டுக்குப் போட்ட கணக்கு

போன மாரியில ஒரு பின்னேரம், மழை விடாமப் பெய்துகொண்டிருக்க, அத்தான் போன் எடுத்தவர். "தம்பி, ஒருத்தன் கதைச்சவன், பேஸ்புக்ல பத்தாயிரம் லைக் ஏத்தித் தாறானாம், அது ஏறினா கூகுள்லயும் முதல் பக்கத்தில வந்திருவமாம், காசைக் குடுக்கட்டோ?" எண்டு கேட்டார். அக்காவுக்கும் அத்தானுக்கும் திருகோணமலைக்குப் பக்கத்தில உப்புவெளிக் கடற்கரையில நாலு ரூம் கெஸ்ட் ஹவுஸ் ஒண்டு, சீசனுக்குத் தெரிஞ்ச பெடியன்ட போட்டில ஆக்களைப் புறாமலைத் தீவுக்குக் கூட்டிக்கொண்டு போறது, அவ்வளவுதான் முழு வியாபாரமும். குடுக்காதீங்க எண்டு உடன சொல்லிட்டன், ஆனா ஏன் குடுக்கக் கூடாது, அந்தக் காசை வேற எதில போடலாம் எண்டு விளங்கப்படுத்த மூண்டு பின்னேரம் போச்சு. திருமலையில இதே கேள்வியோட கனபேர் இருக்கிறாங்கள், அதால அந்த மூண்டு பின்னேரக் கதையையும் எழுதி வைக்கிறன்.

வழி நாலு இருந்தது. முழுக்காசையும் பேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டொக் எண்டு சோஷியல் மீடியாவில போடுறது. இல்லாட்டிச் சொந்தமா ஒரு வெப்சைட் செய்து எஸ்இஓ, அதாவது கூகுள்ல மேல வாற மாதிரி அதை ஒழுங்காக்கிற வேலை, பாக்கிறது. இல்லாட்டி கூகுள் மேப்ல வாற அந்த பிஸ்னஸ் புரொஃபைலை ஒழுங்காக்கி ரிவியூ சேக்கிறது. அதுவும் இல்லாட்டி இப்ப மாதிரியே புக்கிங் தளங்களுக்குக் கொமிஷனைக் குடுத்துப்போட்டுப் பேசாம இருக்கிறது. கடைசியை முதல்ல முடிச்சுவிடுறன்: அதை விடவும் ஏலாது, அதையே நம்பி இருக்கவும் ஏலாது, வெளிநாட்டுக்காரர் கனபேர் அதுக்குள்ளாலதான் வாறாங்கள், ஆனா ஒவ்வொரு புக்கிங்கிலயும் நூற்றுக்குப் பதினைஞ்சை ஒட்டிப் போகுது, வந்த ஆள் அடுத்த முறையும் அதே தளத்துக்குள்ளாலதான் வாறான், எங்கட பேர் அவனுக்கு ஞாபகமே இல்ல. அது அப்பிடியே கிடக்கட்டும் எண்டு விட்டுட்டு மிச்ச மூண்டையும்தான் கதைச்சம்.

முதல்ல அந்த லைக் கதை. அது சும்மா வானத்திலயிருந்து விழுந்த கதையில்ல, ஒரு காலத்தில அதுக்குக் கொஞ்சம் உண்மை இருந்தது. 2009 கடைசியில கூகுள் ட்விட்டரோட ஒப்பந்தம் போட்டு ட்வீட்டுகளை உடனுக்குடன் தேடல்ல காட்டத் தொடங்கினது. 2010 டிசம்பர்ல டானி சலிவன் எண்ட தேடுபொறி எழுத்தாளர் கேட்க, கூகுளும் மைக்ரோசொஃப்ட்டின்ட தேடுபொறி பிங்கும் ரெண்டுமே ஓம், ட்விட்டர்ல ஆர் எதைப் பகிருறாங்கள் எண்டதை ஓரளவு கணக்கில எடுக்கிறம் எண்டு சொன்னதுகள். பிறகு 2011 ஜூலையில அந்த ஒப்பந்தம் முடிஞ்சு போச்சு. அந்த நேரம் பாத்து கூகுளின்ட சொந்த சோஷியல் மீடியா, கூகுள் பிளஸ் வந்தது, 2012 ஜனவரியில தேடல் முடிவுக்குள்ளயே உங்கட கூட்டாளிமாரின்ட பிளஸ் போஸ்ட்டுகளையும் கலந்து காட்டினாங்கள், அப்ப மார்க்கெட்டிங் செய்யிற எல்லாரும் அதில லைக் மாதிரி இருந்த பிளஸ் வண் பட்டனுக்குப் பின்னால ஓடினாங்கள். 2013ல மோஸ் எண்ட எஸ்இஓ கம்பனி, பிளஸ் வண் கூடுதலா இருக்கிற பக்கங்கள் கூகுள்லயும் மேல நிக்குது எண்டு ஒரு கணக்குக் காட்ட, கூகுள்ல அப்ப இருந்த மாட் கட்ஸ் அது அப்பிடியில்ல, நல்ல பக்கத்தை ஆக்கள் பகிருறாங்கள், அதே நல்ல பக்கத்துக்கு லிங்கும் குடுக்கிறாங்கள் எண்டு மறுத்தவர். கோணேசர் கோயில் திருவிழா எண்டா கச்சான், அதான் வேர்க்கடலை, விக்கிற கச்சான்காரியும் நிப்பா, அதுக்காகக் கச்சான்காரியைக் கூட்டிக்கொண்டு வந்து இருத்திட்டா திருவிழா தொடங்கிருமோ? பத்தாயிரம் லைக் வாங்கிறதும் உதுதான்.

2014 ஜனவரியில அதே மாட் கட்ஸ் ஒரு வீடியோவில இன்னும் பச்சையாச் சொன்னார்: பேஸ்புக், ட்விட்டர் பக்கங்களையும் மற்ற வெப்பக்கங்கள் மாதிரித்தான் பாக்கிறம், எத்தின லைக், எத்தின ஃபொலோவர் எண்டதை ரேங்குக்கு, அதாவது தேடல் வரிசைக்கு, எடுக்கிறேல்ல. காரணமும் சொன்னவர், அந்தத் தளங்கள் நினைச்ச நேரம் கூகுளை உள்ள விடாமக் கதவைச் சாத்தலாம், அப்பிடி ஒண்டை நம்பி ரேங்க் போடேலாது எண்டு. கூகுள் பிளஸ்சும் 2019 ஏப்ரல்ல பொதுமக்களுக்கு மூடியாச்சு. லிங்க் விஷயமும் அப்பிடித்தான். நீங்க பேஸ்புக்ல போடுற லிங்குக்கு நோஃபாலோ, அதாவது இந்த லிங்கைக் கணக்கில எடுக்காத, எண்ட முத்திரை விழும், 2005ல ஸ்பாமை நிப்பாட்டக் கொண்டுவந்தது. 2019ல கூகுள் அதைக் கட்டாயத் தடையா எடுக்காம ஒரு குறிப்பா எடுப்பம் எண்டு மாத்தினது உண்மைதான், அதுக்காக லிங்கை எல்லா குரூப்பிலயும் ஒட்டிக்கொண்டு திரிஞ்சா ஏறும் எண்டு நினைக்க வேண்டாம். பிங் வந்து சோஷியல் பகிர்வைக் கவனிக்கிறம் எண்டு தன்ட வழிகாட்டியிலயே எழுதி வைச்சிருந்தது, ஆனா உப்புவெளிக்கு ரூம் தேடுறவன் எத்தின பேர் பிங்கில தேடுறான், விடுங்க.

அப்ப சோஷியல் மீடியாவால தேடலுக்கு ஒண்டும் நடக்காதோ எண்டு அக்கா கேட்டவ. நடக்குது, ஆனா சுத்து வழியால.

ஒருத்தி கண்டியில பஸ்ஸுக்குள்ள இருந்து ரீல்ஸ் பாக்கிறாள் எண்டு வைப்பம். புறாமலையில தண்ணிக்குள்ள ஆமை போறதைப் பாக்கிறாள், லைக்கும் போடேல்ல கொமென்ட்டும் போடேல்ல, ஆனா மேல இருந்த பேர் மனசில நிண்டுட்டுது, ராவைக்கு வீட்ட போய்ப் புருஷனுக்குக் காட்ட கூகுள்ல அந்தப் பேரைத் தட்டுறாள். இந்தத் தட்டல்தான் முக்கியம். "உப்புவெளி ரூம்" எண்டு தேடினா நாங்க பெரிய ஹொட்டேல்களோடயும் புக்கிங் தளங்களோடயும் மோத வேணும், எங்கட பேரையே தேடினா மோத ஒருத்தரும் இல்ல. அதுக்கு மேல இன்னொண்டு, 2023 ஒக்டோபர்ல அமெரிக்காவில கூகுளுக்கு எதிரா நடந்த ஏகபோக வழக்கில கூகுளின்ட பாண்டு நாயக் சாட்சி சொல்லேக்க, ஆக்கள் எதைக் கிளிக் பண்ணுறாங்கள் எண்ட பதிவை வைச்சு ரேங்க் பாக்கிற நவ்பூஸ்ட் எண்ட ஒரு முறை இருக்கெண்டு வெளிய வந்தது. நாலு ரூம் கெஸ்ட் ஹவுஸுக்கு அது பெருசா உதவும் எண்டு நான் சத்தியம் பண்ண மாட்டன், ஆனா பேரைத் தேடிக் கிளிக் பண்ணுற ஆக்கள் கூடினா நட்டம் இல்ல.

மற்ற சுத்து வழி, பயணக் கட்டுரை எழுதுற ஆரோ ஒருத்தர் அந்த வீடியோவைப் பாத்து வந்து தங்கிப்போட்டுத் தன்ட தளத்தில எழுதி லிங்க் குடுக்கிறது. அந்த லிங்குக்கு நிறை இருக்கு. லைக்குக்கு இல்லாத நிறை.

மூண்டாவது, சோஷியல் பக்கமே தேடல் முடிவா வாறது. சின்ன வியாபாரத்தின்ட பேரைத் தேடினா பேஸ்புக் பேஜ்தான் முதல்ல வாறது எல்லாருக்கும் தெரியும். 2025 ஜூலை 10ல இருந்து இன்ஸ்டாகிராமும் பப்ளிக்கா இருக்கிற புரொஃபெஷனல் அக்கவுண்ட்டுகளின்ட படங்களையும் வீடியோக்களையும் கூகுள் மாதிரித் தேடுபொறிகளில வர விட்டிருக்கு. அதால கெப்ஷன்ல சும்மா "சொர்க்கம்" எண்டும் மூண்டு இதயமும் போடுறதை விட்டுட்டு, நிலாவெளியில இருந்து போட் எத்தின மணிக்கு, எந்த மாசம் கடல் தெளிவு எண்டு எழுதினா அந்த எழுத்துத் தேடல்ல பிடிபட இடம் இருக்கு. அக்கா இதை உடன பிடிச்சிட்டா. அத்தானுக்கு இதயம் போடுறது விருப்பம்.

ஆக்கள் கேள்வி கேட்டு மறுமொழி எழுதுற ரெடிட் தளத்தையும் சொல்ல வேணும், 2024 பெப்ரவரியில கூகுள் ரெடிட்டோட ஒப்பந்தம் போட்டது, இப்ப வெளிநாட்டுக்காரன் "ட்ரிங்கோவா அறுகம்பேயா" எண்ட மாதிரி ஒரு கேள்வியைத் தட்டினா ஆரோ ரெடிட்ல கேட்டதும் மறுமொழியும் மேல வந்து நிக்குது. அங்க போய் எங்கட ரூமுக்கு விளம்பரம் ஒட்டினா அடிச்சு விரட்டுவாங்கள். வந்து தங்கின ஆள் தானா எழுதினா மட்டும்தான் சரி.

இதெல்லாம் பொதுக் கதை. எங்கட ஊருக்குப் பொருந்துமோ எண்டு பாக்க வாறவங்கள் ஆரெண்டு பிரிச்சுப் பாத்தம், இதிலதான் எனக்கே ஒரு விஷயம் புதுசா விளங்கினது. எங்களிட்ட வாறது மூண்டு வகை. வெள்ளைக்காரன் வரேக்க கையில மேப்போட வாறான், அவனுக்குக் கூகுள் மேப்பும் ரிவியூவும் புக்கிங் தளமும்தான் உலகம். கொழும்பு, கண்டி, குருநாகல் பக்கத்தால நீண்ட வார இறுதிக்கும் ஆகஸ்ட் ஸ்கூல் லீவுக்கும் வாற சிங்களக் குடும்பங்கள் பேஸ்புக்கிலயும் டிக்டொக்கிலயும்தான் தேடுறாங்கள், பாத்துட்டு நேர வட்ஸ்அப்ல "ரூம் தியனவத", ரூம் இருக்கோ எண்டு கேக்கிறாங்கள், அவங்களுக்கு வெப்சைட் எண்டது தேவையே இல்ல. கனடா, லண்டன்ல இருந்து ஆடி ஆவணியில வாற எங்கட சனம் ஒண்டையும் தேடாது, மச்சாளிட்டக் கேக்கும், மச்சாள் குடும்ப வட்ஸ்அப் குரூப்பில போடுவா, அதில ஆரோ ஒரு பேஜ் லிங்கை அனுப்புவினம், அவ்வளவுதான். 2022ல கூகுள் தேடலுக்குப் பொறுப்பா இருந்த பிரபாகர் ராகவனே சொன்னவர், சாப்பிட இடம் தேடுற இளம் ஆக்களில 40 வீதத்தை ஒட்டினவங்கள் கூகுளுக்குப் போகாம டிக்டொக்குக்கோ இன்ஸ்டாகிராமுக்கோ போறாங்கள் எண்டு. அவர் சொன்னது அவங்கட ஆய்வை வைச்சு, ஆனா சனி ஞாயிறு டச் பே கடற்கரையில போய் நிண்டு பாத்தீங்க எண்டா எங்கட பெடியளும் அதே கணக்குத்தான். அப்ப "தேடல்" எண்டா கூகுள் மட்டும் எண்டு நினைச்சு நான் இவ்வளவு நாளும் கதைச்சதே பிழை, ஒரு வகை ஆளுக்கு டிக்டொக்தான் தேடுபொறி.

இன்னொரு தொல்லை எங்கட ஊர்ப் பேர். நாங்க திருமலை எண்டு சொல்லுவம், அதையே தமிழ்ல தட்டிப் பாருங்க, திருப்பதி ஏழுமலையான் வந்து நிப்பார், தரிசன டிக்கட், லட்டு, பஸ் நேரம் எல்லாம் வரும், கொஞ்சம் தள்ளினா மதுரைத் திருமலை நாயக்கர் மகாலும் வரும். அக்கா ரெண்டு வருஷமா எல்லாப் போஸ்ட்டிலயும் திருமலை எண்டுதான் ஹேஷ்டேக் போட்டவ. பாவம், ஆந்திராவுக்குப் போறவங்களுக்குத்தான் எங்கட கடல் விளம்பரம் போயிருக்கும். திருகோணமலை எண்டு முழுசா எழுதினாத்தான் எங்கட ஊர். இங்கிலிஷ்ல ட்ரிங்கோ, ட்ரிங்கோமலி ரெண்டும் போட வேணும், சிங்களத்தில திரிக்குணாமலய எண்டு போட வேணும், நிலாவெளி உப்புவெளியும் தனித்தனியா வேணும், ஏனெண்டா ஆக்கள் கடற்கரைப் பேரைத்தான் தேடுறாங்கள். காசில்லாம செய்யக்கூடிய வேலை இது, செய்தவங்கள் குறைவு.

இப்ப மற்ற ரெண்டு வழி.

கூகுள் பிஸ்னஸ் புரொஃபைல், முந்தி மை பிஸ்னஸ் எண்டு சொன்னது, 2021 நவம்பர்ல பேர் மாத்தினது. இதுக்கு ஒரு சதமும் வேண்டாம். கூகுள் தானே சொல்லுது, உள்ளூர்த் தேடல்ல மூண்டு விஷயம் பாக்கிறம், தேடினதோட பொருந்துதோ, தூரம் எவ்வளவு, எவ்வளவு பேருக்குத் தெரிஞ்ச இடம் எண்டு. தூரத்தை மாத்தேலாது, வீட்டைத் தூக்கிக்கொண்டு நிலாவெளிக்குப் போகேலாது. பொருந்திறதை நாங்க எழுதிற விபரத்தால சரிப்படுத்தலாம். தெரிஞ்ச இடமாகிறதுக்கு ரிவியூவின்ட எண்ணிக்கையும் புள்ளியும், வெப்ல எங்களைப் பற்றி மற்றவங்கள் எழுதினதும் சேருது. லைக் ஏத்திற காசு எதுவும் இதுக்குள்ள வராது. அத்தான்ட புரொஃபைலைத் திறந்து பாத்தா பின் விழுந்திருக்கிறது ரெண்டு ஒழுங்கை தள்ளி, போன் நம்பர் பழசு, படம் எண்டு இருந்தது ஒரு வாடிக்கையாளர் எடுத்த மீன்பொரியல் மட்டும். ஒரு பின்னேரத்து வேலையில திருத்தினம், உரிமையை உறுதிப்படுத்த இடத்தை வீடியோ எடுத்துக் காட்டச் சொன்னது, கேட்டைத் திறந்து போர்ட்டைக் காட்டி அத்தான்ட சாரத்தோட சேத்து எடுத்து அனுப்பினம்.

ரிவியூ கேக்கலாம், ஆனா ரிவியூவுக்குத் தேத்தண்ணி இலவசம், போட்டில கழிவு எண்டு பேரம் பேசக் கூடாது, அது கூகுளின்ட விதிக்குப் பிழை. காசுக்கு வாங்கிறதும் அப்பிடித்தான், பிடிபட்டா இருக்கிற நல்ல ரிவியூவையும் சேத்துக் கொண்டு போயிரும்.

வெப்சைட் எண்டது மூண்டிலயும் செலவு கூடினது, பலனும் பிந்தித்தான் வரும். முந்தி பிஸ்னஸ் புரொஃபைலோடயே இலவசமா ஒரு பக்கம் தந்தாங்கள், 2024 மார்ச்சில அதை நிப்பாட்டியாச்சு, இப்ப சொந்தமாத்தான் செய்ய வேணும். டொட் எல்கே பேர் எடுக்கலாம், 2010ல இருந்து டொட் இலங்கை எண்டு தமிழ்லயே எடுக்கவும் வழி இருக்கு, ஆனா வெள்ளைக்காரன் அதைத் தட்டமாட்டான், ஆசைக்கு எடுக்கிறதெண்டா எடுங்க. புது வெப்சைட் ஒண்டு கூகுள்ல மரியாதையா நிக்க மாசக்கணக்கு எடுக்கும், இதில அவசரம் பலிக்காது. எங்களுக்கு ஒரு வசதி என்னெண்டா இங்க சீசன் மே தொடங்கி செப்டெம்பர் வரைக்கும்தான், ஒக்டோபர்ல இருந்து வாடையும் மழையும், போட்டும் ஓடாது ஆளும் வராது. கொழும்பில இருக்கிறவனுக்கு இல்லாத நேரம் எங்களுக்கு இருக்கு. மழைக்கு வெப்சைட் எழுதுறது, வெயிலுக்கு வீடியோ எடுக்கிறது. நவம்பர்ல எழுதிப் போட்ட பக்கம் மேயில தேடுறவன்ட கண்ணில படத் தொடங்கும், ஏப்ரல்ல எழுதினா சீசன் முடியத்தான் ஏறும்.

எழுதுறதும் "வாருங்கள், மகிழுங்கள்" எண்ட பாட்டு வேண்டாம். அக்காவுக்குப் போன்ல திரும்பத் திரும்பக் கேக்கிற கேள்விகளை ஒரு கொப்பியில எழுதச் சொன்னன். புறாமலை தேசியப் பூங்காவுக்கு டிக்கட் எங்க எடுக்கிறது, சின்னப் பிள்ளையோட போட்டில போகலாமோ, கோட்டைக்குள்ள மான் நிக்குமோ, கோணேசர் கோயிலுக்கு என்ன உடுப்போட போறது, கன்னியா வெந்நீர்க் கிணறு ஏழிலயும் சூடு ஒண்டோ. கொப்பி நிரம்பிட்டுது. அந்த ஒவ்வொரு கேள்வியும் ஒரு பக்கம், அதே கேள்விதான் ஒரு டிக்டொக் வீடியோவும், அதே மறுமொழிதான் புரொஃபைல்ல போடுற விபரமும். மூண்டு வழியையும் மூண்டு வேலையா நினைச்சபடியாத்தான் அத்தான் பயந்தவர், உள்ளுக்க இருக்கிறது ஒரு கொப்பிதான்.

அப்ப சோஷியல் மட்டும் காணாதோ, சிங்களக் குடும்பங்கள்தானே கூடுதலா வருகுதுகள் எண்டு அத்தான் விடேல்ல. நியாயமான கேள்விதான், இப்போதைக்குக் காசு உடன வாறது அதாலதான். ஆனா 2018 மார்ச்சில கண்டிக் கலவரத்தோட பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் அரசாங்கம் மூடினது ஞாபகம் இருக்கோ, 2019ல ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகும் மூடினது, 2022 ஏப்ரல் 3ம் திகதியும் மூடினது. அந்த நாளுகளில வெப்சைட்டும் போன் நம்பரும் திறந்துதான் கிடந்தது. இதைவிடச் சின்ன ஆபத்து ஒண்டும் இருக்கு, எனக்குத் தெரிஞ்ச ஒரு சாப்பாட்டுக்கடைக்காரற்ற பேஜை ஆரோ ஹேக் பண்ணி, ஆறு வருஷமாச் சேத்த ஃபொலோவர் எல்லாரோடயும் பேஜ் வேற ஆரின்டயோ கைக்குப் போச்சு, அவர் இப்ப திரும்பப் பூச்சியத்தில இருந்து தொடங்கி நடத்துறார். அவற்ற கடையின்ட கூகுள் புரொஃபைல் மட்டும் தப்பினபடியா புது ஆக்கள் வந்துகொண்டிருக்கிறாங்கள்.

கடைசியா நாங்க பிரிச்ச விதம் இதுதான். லைக் ஏத்திற ஆளுக்கு ஒரு சதமும் இல்ல. முதல் வேலை புரொஃபைல், அதுக்குக் காசில்லை, நேரம் மட்டும். மாரிக்கு ஒரு சின்ன வெப்சைட், ஏழெட்டுப் பக்கம், இங்கிலிஷ்ல, காசின்ட பெரும்பகுதி அதுக்கு. மிச்சம் இருந்ததை சீசனுக்கு பேஸ்புக் விளம்பரத்துக்கு ஒதுக்கி வைச்சம், அதுவும் நீண்ட வார இறுதிக்கு முதல் கிழமை மட்டும், கொழும்பு கண்டி ஆக்களுக்கு மட்டும் காட்டிற மாதிரி. விளம்பரத்தால கூகுள் ரேங்க் ஏறாது எண்டதை அத்தானிட்ட ரெண்டு தரம் சொன்னன், அவருக்கு ரூம் நிரம்பினாக் காணும், ரேங்க் ஏன் எண்டார், அதுவும் சரிதான். எங்க போட்டாலும் பேர் ஒரே எழுத்துக்கூட்டலோட இருக்க வேணும் எண்டதில மட்டும் நான் பிடிவாதம், ஏனெண்டா பேஸ்புக்ல ஒரு பேர், மேப்ல ஒரு பேர், போர்ட்ல இன்னொரு பேர் எண்டு இருந்தது, ரீல்ஸ்ல பாத்தவன் கூகுள்ல தட்டேக்க வேற ஆரின்டயோ ஹொட்டேலுக்குப் போயிருப்பான்.

வேற ஆக்களுக்கு இந்தப் பங்கு மாறும். நீங்க கிண்ணியாவிலயோ மூதூர்லயோ உடுப்புக்கடை வைச்சிருக்கிறீங்க, வாறது எல்லாம் உள்ளூர் ஆக்கள் எண்டா வெப்சைட்டுக்குச் செலவழிக்காதீங்க, புரொஃபைலும் பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் தாராளம். திமிங்கிலம் பாக்கப் போட் விடுறவருக்கு வெப்சைட் கட்டாயம், ஏனெண்டா அவரிட்ட வாறவன் ஊரை விட்டு வெளிக்கிட முதலே மிரிஸ்ஸவா ட்ரிங்கோவா எண்டு கூகுள்ல வாசிச்சுத்தான் தீர்மானிக்கிறான்.

இன்னும் தீராம இருக்கிறது டிக்டொக்தான். சிங்களத்தில கதைச்சுப் போட வேணும், அத்தானுக்குச் சிங்களம் மீன் விலை கேக்கிற அளவுக்குத்தான், அக்கா கேமராவுக்கு முன்னால நிக்க மாட்டன் எண்டுட்டா. போட் ஓட்டுற பெடியனுக்கு நல்ல சிங்களம் வரும், ஆனா அவன் கதைக்கத் தொடங்கினா தன்ட போட்டைப் பற்றி மட்டும்தான் கதைக்கிறான், ரூமைப் பற்றி ஒரு சொல்லும் வராது. பேசிப் பாப்பம் எண்டு அத்தான் சொல்லியிருக்கிறார்.